பதினொரு ஜீப்புக்கு ஐந்து டயர்

1974 அக்டோபர் 12, சனிக்கிழமை, காலை 6.10. கம்பம் ஜீப் ஸ்டாண்டில் பதினொரு ஜீப்புகள் நின்றன. வண்டி ஓடத் தகுதியானது என்று சொல்லும் எஃப்.சி. மூன்றுக்குத்தான் நடப்பில் இருந்தது. எட்டுக்கு முடிந்துபோயிருந்தது. ஒவ்வொரு டிரைவரிடமும் காகிதத்தைக் கேட்டுப் பார்த்தே எண்ணினேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துப் பதினாறு மாதம் சும்மா இருப்பவனுக்கு வேறென்ன வேலை?

என் ஊர் பொள்ளாச்சியைத் தாண்டி, கோபாலபுரம் பக்கம். நெடுங்கண்டம் அருகே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் மெக்கானிக் வேலைக்கு அன்று பதினொரு மணிக்கு நேர்முகம். இது ஐந்தாவது. முந்தின நாள் பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி என்று பஸ் மாறி மாறி கம்பம் வந்து லாட்ஜில் தங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மாலையில் மேலே ஏற ஜீப் நிச்சயமில்லை.

"ஏனுங்க, எஃப்.சி. இருக்குதுங்களா?" என்று நான் கேட்கக் கேட்க ஸ்டாண்டே சிரித்தது. "தம்பி பொண்ணு பாக்க வந்திருக்காரு, ஜாதகம் கேக்குறாரு" என்றார் ஒருவர். சிரிக்கட்டும். ஒன்பது நாள் முன்பு எஃப்.சி. வாங்கிய அருளப்பன் ஜீப்பில் ஏறினேன். மலை மேலே கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டுக்குப் பதினான்கு கிலோமீட்டர், இரண்டு ரூபாய். ஏறியவர்கள் பதின்மூன்று பேர்.

தூறல். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் ஓர் அடி நகர்ந்து நின்றது. இறங்கிப் பின் டயரில் கை வைத்தேன். உள்ளங்கையில் இருக்கும் ரேகைகூட அதில் இல்லை. இதை எவன் பாஸ் பண்ணினான் என்று கேட்டேன்.

அருளப்பன் அலட்டிக்கொள்ளவில்லை. "இத எவன் பாஸ் பண்ணுவான்? அன்னிக்கு மாட்டிட்டுப் போனது செல்வராசு டயரு. சாயங்காலமே கழட்டிக் குடுத்துட்டேன்."

ஸ்டாண்டிலேயே நல்ல டயர் இன்னொரு டிரைவர் செல்வராசிடம்தானாம், ஸ்டெப்னியோடு சேர்த்து மொத்தம் ஐந்து. யாருக்கு எஃப்.சி. வருகிறதோ அவர் வண்டிக்கு அவை போகும், வேலை முடிந்ததும் திரும்பும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் செல்வராசின் ஜீப் வந்தது. டயரைப் பார்த்தேன், ஏறிக்கொண்டேன். எஃப்.சி. கேட்டேன். ஆடியிலேயே முடிந்துவிட்டதாம்.

"ஏனுங்க, டயர் உங்களதுதானுங்களே?"

"எனக்கு எஃப்.சி. நாள் வர்றப்பல்லாம் டயரு வேற ஜீப்புல இருக்குல்ல? ஒருத்தன் மச்சான், ஒருத்தன் சித்தப்பா மகன். யாருக்கு இல்லன்னு சொல்ல?"

எனக்கு எரிச்சலாக வந்தது. நல்ல டயர் இருக்கிறது, சரி. ஆனால் காகிதம் இல்லாத வண்டி கவிழ்ந்தால் இன்சூரன்சில் ஒரு காசு பெயராது. இதையும் அவரிடமே சொன்னேன். "மெதுவா ஓட்டுறேன்" என்றார்.

செக்போஸ்டுக்கு இருநூறு அடி முன்னால் இறக்கிவிட்டார். தடுப்பை நடந்து தாண்டினோம். அந்தப் பக்கம் கேரள ஜீப்புகள். அவற்றிலும் கதை இதுதான். டயரைத் தடவிப் பார்த்து ஒன்றில் ஏறினேன். இரண்டரை ரூபாய், ஒரு மணி நேரம்.

நேர்முகம் பத்தே நிமிடம். மேனேஜருக்கு என்னைப் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை சேரச் சொன்னார். எஸ்டேட்டின் மூன்று ஜீப்புக்கும் இந்த வாரம் எஃப்.சி. முடிகிறதாம், கம்பத்தில் செல்வராசு என்று ஒருவனிடம் டயர் இருக்கும், வரும்போதே வாங்கி வந்துவிடு என்றார். புது டயர் போடாமல் அந்த ஜீப்புகளை ஓட்டக் கூடாதுங்க என்றேன்.

"உனக்கு வேலை வேணுமா, டயர் வேணுமா?"

எழுந்து கம்பம் வந்துவிட்டேன். டயர் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இன்று ஞாயிறு, கம்பம் லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மலை ஏறப்போகிறவர்களுக்கு: காகிதம் கேளுங்கள், அதோடு விடாதீர்கள். குனிந்து டயர் பள்ளத்தில் விரலை வையுங்கள். நகம் முழுசாக உள்ளே போகாவிட்டால் அடுத்த ஜீப்புக்குக் காத்திருங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. திங்கள் காலை எட்டு மணிக்கு எஸ்டேட் போவேன். டயர் இல்லாமல்.
2. மூன்று ஜீப்பின் டயரையும் பிரேக்கையும் பார்த்து, உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜர் மேசையில் வைப்பேன்.
3. அவர் வேலையை விட்டுப் போ என்றால், செவ்வாய்க்கிழமை செல்வராசின் ஜீப்பை எஃப்.சி.க்குக் கொண்டுபோவேன். அன்று டயர் யாருக்கும் கிடையாது என்று இன்று ஸ்டாண்டில் அவரையே சொல்ல வைத்துவிட்டேன்.
4. வேலை கிடைத்தது என்று அப்பாவுக்கு எழுதிய கார்டைத் தபாலில் போடமாட்டேன். திங்கள் மாலை வேறு கார்டு எழுதுவேன்.