படிப்பு ஏறாதவள்

என் மகள் ரிஸ்னாவின் படிப்பைக் கெடுத்தவன் நான். அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனும் நானே... உங்களிடமாவது மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுக் கரைத்தீவில் கொட்டில் போட்டவர்கள் நாங்கள். உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரித்தான் பிள்ளைகளை வளர்த்தேன். ரிஸ்னா கணக்கில் கெட்டிக்காரி. வகுப்பில் முதலாம் பிள்ளை. இளையவன் சாஜித்தோ புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுவான்!

போர் முடிந்தது. மன்னாருக்குத் திரும்பிப் போய்க் குடியிருப்பவர்களுக்குத்தான் வீட்டுத்திட்டம் என்றார்கள். அங்கே போடும் கொட்டில் பூட்டிக் கிடந்தால் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்களாம். நான் பற்றை மண்டிய காணியைத் துப்புரவாக்கப் போனால், கொட்டிலில் அடுப்பு புகைய வேண்டுமே! மனைவிக்கு முட்டு வருத்தம், நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும். எங்களில் பலர் அப்படித்தான் குடும்பத்தை இரண்டாக்கினோம். பாதி அங்கே, பாதி இங்கே.

யாரைக் கூட்டிப் போவது? நான் யோசிக்கவே இல்லை... அதுதான் என் குற்றம். சமைக்கத் தெரிந்தவள் மகள். ஆண்பிள்ளையின் படிப்புக் குழம்பக்கூடாது.

"ஓ.எல். சோதினைய எழுதிட்டு வாறேன் வாப்பா. ஒரு வருஷம்தானே" என்றாள். ஒரேயொரு முறைதான் கேட்டாள்.

"அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு மகள்" என்றேன்.

இருந்தது. கணக்குக்கு ஆசிரியர்தான் இல்லை. பாதி நாள் நானே அவளைக் கொட்டிலில் மறித்து வைத்தேன், யாராவது பார்க்க வந்தால் ஆள் இருக்கட்டும் என்று. ஓ.எல். பரீட்சையில் தவறினாள். கணக்கில்! மறுபடி எழுத விடாமல் மாப்பிள்ளை பார்த்தேன். கேட்டவர்களிடமெல்லாம் அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்றேன். என் வெட்கத்தை அவள் தலையில் கட்டினேன்...

சாஜித்தும் தவறினான். அவனுக்கு டியூஷன் பிடித்துக் கொடுத்து, மறுபடி மறுபடி எழுத வைத்தேன். இன்று அவன் ஆசிரியர். வாப்பா உப்பு வாரிப் படிப்பித்தார் என்று மேடையில் சொல்கிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். நான் தலை குனிகிறேன், பணிவு என்கிறார்கள்!

போன பெருநாளுக்கு ரிஸ்னா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய சின்ன மகள் கணக்குக் கொப்பியை அவளிடம் நீட்டினாள். ரிஸ்னா அதைப் பார்க்கக்கூட இல்லை.

"மாமாட்ட கேளுங்க மகள். உம்மாக்குச் சின்னதிலயே படிப்பு ஏறல்ல."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நம்பித்தான் சொன்னாள்...

பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும்! தட்டிலிருந்த பெருநாள் இனிப்பை, வட்டிலாப்பத்தை, அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.