வெர்னா வீட்டில் மொரீனின் படங்கள்

மருத்துவமனைச் சமையற்கூடத்தில் தட்டுகள் ஓடும் பட்டையின் கடைசியில் நிற்பவள் வெர்னா பெட்வே. ஒவ்வொரு தட்டோடும் ஒரு சீட்டு வரும். சர்க்கரை நோயாளியா, உப்பு கூடாதவரா, மென்று தின்ன முடியாதவரா என்று சீட்டைப் பார்த்து, தட்டைப் பார்த்து, சேராததை எடுத்துவிட்டு மூட வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் தப்பான தட்டு ஒன்றே ஒன்றுதான் அவள் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. அது எந்த மாடி, எந்த அறை என்று இன்றைக்கும் சொல்வாள்.

பட்டைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள் மொரீன் கொசாக். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சம்பளம், ஒரே முழங்கால் வலி. மொரீன் வெள்ளைக்காரி, வெர்னா கறுப்பி. சமையற்கூடத்துக்குள் அது பெரிய விஷயமாக இருந்ததில்லை. வெளியே எப்படி என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

போன மார்ச்சில் வெர்னாவின் கணவன் ஆல்டனுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தங்கியது, வலது காலில் பலம் தங்கவில்லை. குளியலறை மாடியில், பதின்மூன்று படி ஏறிப் போக வேண்டும். கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்று வேலை பார்த்த மனிதன், கூடத்தின் மூலையில் ஒரு திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மலம் கழித்தான். அந்த நேரத்தில் வெர்னா வேண்டுமென்றே டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். கீழேயே ஒரு குளியலறை கட்டியாக வேண்டும். பார்க்க வந்த கொத்தனார் அண்ணாந்து பார்த்து, கூரையும் இன்னும் ஐந்து வருஷம்தான் தாங்கும் என்றான். அதற்கு வேறொரு கடன் என்று வெர்னா அதை அப்போதைக்குத் தள்ளி வைத்தாள்.

வீட்டின் பேரில் கடன் கேட்டாள். வீட்டுக்கு விலை போட வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளன் பன்னிரண்டு நிமிஷம் இருந்தான். மாடிப்படிச் சுவரில் தொப்பி வைத்த அவள் அம்மாவையும் ராணுவ உடுப்பில் இருந்த அவள் மகனையும் பார்த்தான், அளவெடுத்தான், போனான். பக்கத்துத் தெருவில் இதைவிடச் சின்ன வீடு விற்ற விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் போட்டிருந்தான். கடன் இல்லை என்றாகிவிட்டது.

ஆல்டனின் தங்கை பெர்ல் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணி, அம்மா படத்தை மாட்டி வச்சுட்டு வீட்டுக்கு விலை கேட்டீங்களா? எங்க சர்ச்சுல மூணு குடும்பம் பண்ணிட்டாங்க. வேற வங்கிக்குப் போங்க. ஆள் வர்ற அன்னிக்கு நம்ம மூஞ்சி ஒண்ணுகூட வீட்டுல இருக்கக் கூடாது. தலைக்குப் போடுற எண்ணெய் டப்பா வரைக்கும் எடுத்துடணும். ரெண்டு நாளைக்குக் கீரையும் பன்னிக் கறியும் அடுப்புல ஏத்தாதீங்க, அந்த வாசனை சுவத்துல நிக்கும். கதவத் திறக்க ஒரு வெள்ளைக்காரி வேணும். இருக்காளா?"

"பேரு பெட்வேன்னு இருக்குமே."

"பேரப் பாத்து யாரால நிறம் சொல்ல முடியும்?"

மொரீனிடம் கேட்க வெர்னாவுக்கு நான்கு நாள் ஆனது. கேட்டதும் அவள், "இவ்வளவுதானா? வர்றேன். என் வீட்டுப் படங்களையும் எடுத்துட்டு வரேன், சுவரு வெறுமையா இருந்தா நல்லா இருக்காது" என்றாள். சொன்னபடியே முந்தின நாள் மாலை ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்தாள். பனிச்சறுக்குக் கட்டைகளோடு அவள் பிள்ளைகள், அவள் கல்யாணம், படகில் நின்று பெரிய மீனைத் தூக்கிப் பிடித்திருக்கும் அவள் அப்பா. இரண்டு பேருமாக அவற்றைக் கணப்புக்கு மேலிருந்த பலகையில் அடுக்கினார்கள். பெட்வே குடும்பத்தின் படங்கள் பெர்லின் காரில் ஏறின. மறுநாள் காலை ஆல்டனும் அதே காரில் ஏற வேண்டியிருந்தது. வாசலுக்குப் போகும் வழியில் அவன் ஊன்றுகோலை நிறுத்திப் பலகையைப் பார்த்தான்.

"ஏன் வெர்னா, நம்ம பிள்ளைங்க என்ன இப்படி வெளுத்துட்டாங்க?" என்றான். பக்கவாதத்துக்குப் பிறகு அவன் சொல் கொஞ்சம் குழறும். ஆனால் கிண்டல் குழறவில்லை.

"சோறு சரியில்லாம இருக்கும். நீங்க ஏறுங்க."

மதிப்பீட்டாளன் பத்தரைக்கு. மொரீன் பத்து மணிக்கே வந்து, உடனே கேக் வாங்கிவர ஓடினாள். வீடு கேக் வாசனை அடித்தால் விலை ஏறும் என்று எங்கோ கேட்டிருந்தாள். மிச்சமிருந்த சாமான்களை வெர்னா தன் காரின் பின்பெட்டியில் ஏற்றினாள். சர்ச்சுக்கு வைத்துப் போகும் தொப்பிகள், கறுப்பர் நடத்தும் சவ அடக்கக் கம்பெனி கொடுத்த காலண்டர், எண்ணெய் டப்பாக்கள், கடைசியாகத் தன் கைப்பை. மொரீன் கதவைத் திறந்ததும் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவது திட்டம். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் ஜன்னல் திரை ஒரு முறை விலகி மூடியது. அதை அவள் பார்த்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பலகையைக் கடைசியாக ஒரு முறை துடைக்கலாம் என்று துணியோடு உள்ளே போனாள்.

திரும்பிப் பார்த்தபோது கூடத்தின் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். கதவைத் திறந்து வைத்திருந்தது அவள்தான்.

"கையைக் காட்டுங்கம்மா. துணியக் கீழ போடுங்க" என்றார் மூத்தவர். "யாரோ சாமான் ஏத்திட்டுப் போறாங்கன்னு போன் வந்துச்சு. இது யாரு வீடு?"

"என் வீடு. வெர்னா பெட்வே. பத்தொம்பது வருஷமா இங்கதான் இருக்கேன்."

இளையவன் பலகைக்குப் போனான். மீன் பிடித்த அப்பாவைப் பார்த்தான், பனிச்சறுக்குப் பிள்ளைகளைப் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான்.

"இவங்கல்லாம் யாரு?"

"என் சிநேகிதியோட ஆளுங்க."

"உங்க படம் ஒண்ணைக் காட்டுங்களேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஆணி அடித்த இடங்களைக்கூட அவள் நேற்றே பூசி மறைத்திருந்தாள்.

"படத்தையெல்லாம் வெளிய அனுப்பியிருக்கு."

"ஓ. அனுப்பியிருக்கு" என்றான் அவன்.

"லைசென்ஸ் கைப்பையில இருக்கு. கைப்பை கார்ல. எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி அவள் வாசலைத் தாண்டி இரண்டடி வைத்தாள். நில்லுங்க என்ற குரலும் கை முறுக்கப்பட்டதும் ஒன்றாக நடந்தன. தன் வீட்டு முகப்பில், தான் வண்ணம் பூசிய தூணில் தோள் இடிக்க, பின்னங்கையில் விலங்கோடு அவள் நின்றாள். வலது மணிக்கட்டில் இரும்பு எலும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. இறுக்கமாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னாள். கைப்பையை எடுத்துவரச் சொல்லி மூத்தவர் இளையவனை அனுப்பினார். அவன் பின்பெட்டியில் கை வைத்தபோது மொரீனின் கார் வந்து நின்றது. அதன் பின்னாலேயே இன்னொரு கார். அதிலிருந்து அளவு நாடாவும் காகிதம் செருகிய அட்டையுமாக ஒரு ஆள் இறங்கினான்.

மொரீன் கேக் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு புல்வெளியில் நின்றுவிட்டாள்.

"வணக்கம் மேடம்" என்றார் மூத்தவர். குரலே வேறாக இருந்தது. "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. இது உங்க வீடா?"

மொரீன் வெர்னாவைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று வெர்னாவுக்குத் தெரிந்தது. நல்லவள், சொல்லிவிடுவாள். மதிப்பீட்டாளன் ஐந்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இதுவும் போனால் இன்னொரு வங்கி இல்லை. கூடத்து மூலையில் திரை இருந்தது.

"ஆமா சார், அவங்க வீடுதான்" என்றாள் வெர்னா. "அவங்கதான் பெட்வே அம்மா. நான் வீடு சுத்தம் பண்ண வர்றவ. உங்களப் பாத்த பயத்துல என்னமோ உளறிட்டேன்."

"அப்ப உங்க பேரு?"

கண்ணுக்கு முன்னால் இருந்த பேர் வாயில் வந்தது. "மொரீன்."

"சரி, பையை விடு" என்று மூத்தவர் இளையவனைக் கூப்பிட்டார். மொரீனிடம் அவர் எந்தக் காகிதமும் கேட்கவில்லை. விலங்கைக் கழற்றும்போது மெதுவாகச் சொன்னார்: "இத முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு கஷ்டம் இல்லையேம்மா."

அதன் பிறகு அவளால் போக முடியவில்லை. சுத்தம் செய்பவள் வேலையைப் பாதியில் விட்டுப் போகமாட்டாள். மதிப்பீட்டாளன் ஒரு மணி நேரம் அளந்தான். நிலவறையில் தண்ணீர் ஏறுமா என்று கேட்டான். மொரீனுக்குத் தெரியவில்லை. "ஏறாதுங்கம்மா, போன வருஷம் குழாய் மாத்தினீங்களே" என்று வெர்னா எடுத்துக் கொடுத்தாள். போகும்போது அவன் அவளைப் பார்த்து, "வீட்ட நல்லா வச்சிருக்கீங்க" என்றான். பிறகு மொரீனிடம், "இந்த மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்" என்றான். மொரீன் கேக்கை யாருக்கும் வெட்டிக் கொடுக்கவே இல்லை.

வீடு முதல் விலையைப்போல் ஒன்றரை மடங்கு பெறும் என்று வந்தது. கடன் கிடைத்தது. செய்தியைக் கேட்ட ஆல்டன், "மொரீன்கிட்ட சம்பளம் ஏத்திக் கேளு" என்றான். வெர்னா சிரிக்கவில்லை. அவனும் தன் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவள் வலது கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது. பட்டையில் மூடி எடுக்கும்போது விரலுக்கு மூடி இருப்பதே தெரியாது. ஒரு நாள் நகர மன்றத்துக்குப் போய்க் காவல் அறிக்கையின் நகல் வாங்கினாள். அதில் இருந்தது: வீட்டு உரிமையாளர் பெட்வே அம்மையார் நேரில் வந்து, சந்தேகத்துக்குரிய பெண் தன் பணியாள் மொரீன் என்று உறுதி செய்தார்.

மொரீன் எதையும் உறுதி செய்யவில்லை, வாயே திறக்கவில்லை. வெர்னா நகலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து விரலால் தட்டினாள்.

"புகார் கொடுக்கப் போறேன்."

"விட்டுடு. குளியலறைக்குக் கடைக்கால் போட்டாச்சு" என்றான் ஆல்டன்.

"தட்டுல தப்பான சீட்டு இருக்கு. அத அப்படியே மேல அனுப்பச் சொல்றீங்களா?"

விசாரணை எட்டு மாசம் கழித்து வந்தது. போலீஸ் மேல் வரும் புகார்களைக் கேட்கும் நகரக் குழுவில் மூன்று பேர், நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். வேலைக்கு லீவு போட்டு மொரீனும் சாட்சி சொல்ல வந்திருந்தாள். போலீஸ்காரர் மார்பில் இருந்த கேமராவின் படத்தைச் சுவரில் ஓட்டினார்கள். வெர்னா தன்னைத் தானே பார்த்தாள். அந்தக் குரல் இவ்வளவு பணிவாக இருந்தது அவளுக்கு அதுவரை தெரியாது.

"ரெண்டு விதமாச் சொல்லியிருக்கீங்க" என்றாள் நடுவில் இருந்த அம்மாள். "இது ரெண்டுல எதை அதிகாரிங்க நம்பியிருக்கணும்?"

"முதல் தடவ சொன்னத. ரெண்டாவது தடவ நான் சொன்னது பொய். அந்தப் பொய்ய நம்ப அவங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. உண்மையச் சொன்னப்ப விலங்கு போட்டாங்க. நான் கேக்கறது அதத்தான்."

"ஏன் பொய் சொன்னீங்க?"

சொல்லாதே என்று பெர்ல் போனில் மூன்று முறை சொல்லியிருந்தாள். வெர்னா சொன்னாள். படங்கள், எண்ணெய் டப்பா, கீரை, பதின்மூன்று படி, திரை, எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னாள். அந்த அம்மாள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஒரு கணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு போட்டுக்கொண்டு, மொரீனிடம் கேட்டாள்: "உங்ககிட்ட அதிகாரிங்க அடையாள அட்டை ஏதாவது கேட்டாங்களா?"

"இல்ல" என்றாள் மொரீன். "என்கிட்ட யாரும் கேட்டதே இல்ல." சொன்ன பிறகு அவள் அழுதாள். வெர்னாவே அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

தீர்ப்பு மே மாசம் தபாலில் வந்தது. வீட்டில் புகார்தாரரின் படமோ அடையாளமோ ஏதும் இல்லாததாலும், அவரே தன்னைப் பணியாள் என்று கூறியதாலும், அதிகாரிகள் தாம் கண்டதையும் கேட்டதையும் வைத்து நியாயமாகவே நடந்துகொண்டனர். இனப் பாகுபாடு நிரூபிக்கப்படவில்லை. புகார்தாரர் ஒரு நிதி நிறுவனத்தைத் தவறாக வழிநடத்தியதை ஒப்புக்கொண்டிருப்பது அவர் சாட்சியத்தின் நம்பகத்தன்மையைக் குறைக்கிறது. அறிக்கையில் திருத்தம் தேவையில்லை.

புதுக் குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஆல்டன் கதவைச் சாத்திக்கொண்டு தானே குளித்துக்கொண்டிருந்தான். அவன் துடைத்துக்கொண்டு வெளியே வரும்வரை வெர்னா கடிதத்தைக் கையில் வைத்திருந்து, பிறகு படித்துக் காட்டினாள். அவன் கடைசிவரை கேட்டான். மாடிப்படிச் சுவரைப் பார்த்தான். அவள் அம்மா, மகன், அவன் அப்பா எல்லோரும் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

வெர்னா வாசலோரத்து மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். வீட்டுப் பத்திரத்தின் நகல் இருந்தது, வரி ரசீது இருந்தது. அவற்றுக்கு அடியில் மொரீனின் அப்பா மீனோடு சிரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் மேல் வைத்தாள்.

"அந்த மீன்காரர இன்னுமா திருப்பிக் குடுக்கல?" என்றான் ஆல்டன். "மத்த படமெல்லாம் அன்னிக்கே போயிடுச்சே. அவ தேடப் போறா."

"கேட்டேன். வேற பிரதி இருக்காம், வச்சுக்கச் சொல்லிட்டா."

"நமக்கு எதுக்கு?"

வெர்னா இழுப்பறையைச் சாத்தினாள்.

"கூரை இன்னும் நாலு வருஷம்தான் தாங்கும். அதுக்குக் கடன் கேட்டா மறுபடி ஆள் வருவான்" என்றாள்.