ஃபாரின் துணிக்குச் சாயம் போகாதாம்

"உப்பு போட்டா சாயம் நிக்குமா டீச்சர்?" என்று ஒரு மாணவி என் தையல் வகுப்பில் கேட்டாள். "நிக்காதும்மா" என்றேன். அவளுக்குப் புரிந்தது. என் சொந்தக்காரர்களுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

தங்கள் நாட்டுக்குத் திரும்பும் வெளிநாட்டவர்கள் விட்டுப்போகும் சாமான்களை விற்கும் எங்கள் ஊர் செங்கம் ரோடு கடையில், யாரோ ஒட்டுப்போர்வைக்காகத் தைத்துவைத்த சதுரத் துணிகள் கிடைத்தன. வெள்ளையில் சிவப்பு நட்சத்திரம். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்காக வாங்கினேன்.

"ஃபாரின் துணிங்க டீச்சர், சாயமே போகாது!" என்றார் கடைக்காரர்.

இன்று காலை நனைத்ததும் வெள்ளையெல்லாம் ரோஸ்!

படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன்.

"உப்பு போடுங்க."

"வினிகர் ஊத்துங்க."

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வெயில்ல போடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

இது துணியா, ஊறுகாயா? காய்ந்தால் கறை அங்கேயே குடியேறிவிடும்.

கழன்ற சாயம் எங்கள் ஊர் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் மாதிரி. சந்தில் அடைத்தால் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் விழும். அகலமாக வழிவிட்டால் போய்விடும். பெரிய டப் நிறையச் சுடுதண்ணீரில் சோப்புத்தூள் கரைத்து ஊறவைத்தேன். தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருந்தேன். மாலைக்குள் வெள்ளை திரும்பிவிட்டது.

அதையும் குழுவில் போட்டேன்.

"பாத்தீங்களா அண்ணி, ஃபாரின் துணின்னா ஃபாரின் துணிதான்!"

நீங்களாவது உப்பை ரசத்துக்கு வைத்துக்கொண்டு, சிவப்புத் துணியைத் தைக்கும் முன் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஒருமுறை தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.