பியோ தொங்சிக் மூழ்கடித்த நீதிபதி

பியோ தொங்சிக். பிறப்பு 1971, கிம்சோன். 1998 முதல் சியோலின் நோர்யாங்ஜின் பகுதியில், அரசுத் தேர்வு எழுதுவோருக்கு ஆங்கிலம் கற்பித்து வந்தார். வெளிநாடு சென்றதில்லை. ஆங்கிலேயர் எவரிடமும் பேசியதற்குச் சான்றில்லை.

ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஒரு பிறப்புக் கதை சொல்வது அவர் முறை. ‘பாண்டர்’ என்றால் ஆழ்ந்து யோசித்தல். எடைபோடுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அகராதி இத்துடன் நின்றுவிடுகிறது. பியோவால் நிற்க முடியவில்லை. ரோமானிய நீதிபதி கைக்கொரு கல்லை ஏந்தி யோசிப்பார் என்றும், தீர்ப்பு பிழைத்தால் அக்கற்களையே கழுத்தில் கட்டி அவரை ஆற்றில் தள்ளுவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். நீதிபதி மூழ்குவதை மேடையில் மூச்சடக்கி நடித்தும் காட்டினார்.

2014 மார்ச்சில் ஓக் மிர்யோங் என்னும் மாணவி எழுந்து, இது எந்த நூலில் உள்ளது என்று கேட்டாள். அங்கே வகுப்பில் யாரும் கேள்வி கேட்பதில்லை. மதிய உணவு வேளை நெருங்கும்போது அது குற்றத்தோடு சேரும். நான்காம் முறையாகத் தேர்வெழுதும் நம்குங் ஹியோக் பக்கத்து இருக்கையிலிருந்து முணுமுணுத்தான்.

“ஏம்மா, நீ பாஸானா தாலுகா ஆபீஸ்ல முத்திரை குத்தப்போற. ரோம்ல ஜட்ஜாவா உக்காரப்போற?”

பியோ அஞ்சினார். மாணவர் தொகை இருநூறுக்குக் கீழே இறங்கினால் வகுப்பை மூடிவிடுவதாக நிர்வாகம் ஏற்கெனவே எச்சரித்திருந்தது. இருந்தவர்கள் இருநூற்றுப் பதினொருவர். பொய்யர் என்று இணையத்தில் பேச்சுக் கிளம்பினால் பிழைப்பு போய்விடும். எனவே மறுநாள் மேடையில் இடுப்பு வளைய வணங்கி, நீதிபதியும் ஆறும் தம் கற்பனையே என்று ஒப்புக்கொண்டார்.

மன்னிப்பை எதிர்பார்த்தவருக்குப் புகார்கள் வந்தன. தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கையில் மனப்பாடத்தைக் கலைத்துவிட்டார் என்று மாணவர்கள் அலுவலகத்தில் முறையிட்டனர். அடுத்த வகுப்பில் நம்குங் ஹியோக் மிகுந்த மரியாதையுடன் எழுந்தான்.

“பொய்னு எங்களுக்கும் தெரியும் ஸார். அதை நீங்க ஏன் சொல்றீங்க? ஜட்ஜை எடுத்துட்டா வார்த்தையும் கூடவே போயிடுது. அவரைத் திரும்பக் கொண்டுவாங்க.”

“அப்போ தப்புன்னு தெரிஞ்சே படிக்கணுமாண்ணே?” என்றாள் மிர்யோங்.

“படிக்க வேணாம்மா. மனப்பாடம் பண்ணு.”

பியோ அப்போதே நீதிபதியை உயிர்ப்பித்து மீண்டும் மூழ்கடித்தார். இம்முறை அவருக்கு ஒரு மனைவியும் இருந்தாள். கரையில் நின்று கதறினாள். மிர்யோங் உட்பட அனைவரும் குறித்துக்கொண்டனர்.

மே மாத வகுப்பில் சேர்ந்தோர்: 347.