மூன்று டின் கறுப்பு பீன்ஸ்

என் கணவர் ஆறு வாரம் அமெரிக்காவில் இருந்தார். திரும்பி வந்து ஆறு மாதமாகியும் அவருடைய பேச்சு மட்டும் ஊர் திரும்பவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில், காம்ப் ரோடுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அவர், நான், அவருடைய தங்கை. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. புதிதாக வாங்கிய ஒரு மெஷினை ஓட்டக் கற்றுக்கொள்ளக் கம்பெனி அவரை டெக்ஸாஸுக்கு அனுப்பியது. போகும்போது சாதாரண மனுஷனாகத்தான் போனார். வந்த பிறகு ரசம் ஊற்றினால் கூட, "அங்கெல்லாம் சூப்னா எப்படி இருக்கும் தெரியுமா?" என்பார்.

"எப்படி இருக்கும்?" என்று கேட்டால், "அது சொன்னா புரியாது" என்று முடித்துவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே மெக்சிகோ சாப்பாடு. டெக்ஸாஸ் மெக்சிகோவை ஒட்டி இருப்பதால் அங்கே எல்லாரும் அதைத்தான் சாப்பிடுவார்களாம். கோழியும் கறுப்பு பீன்ஸும் போட்டு ஒன்று செய்வார்களாம். அதைச் சாப்பிட்ட நாக்குக்கு வேறு எதுவும் பிடிக்காதாம். இதையெல்லாம் என் கோழிக்குழம்பை மூன்றாவது தடவை ஊற்றிக்கொண்டே சொல்வார்.

அதற்குச் சாட்சியாக மூன்று டின் கறுப்பு பீன்ஸ் கொண்டுவந்திருந்தார். அவற்றைச் சமைக்க விடவில்லை. ஹாலில் இருந்த கண்ணாடி ஷோகேஸில், தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திவைத்தார். "ஒரு விசேஷ நாள் வரட்டும்" என்றார். தீபாவளி வந்தது, போனது. பொங்கலும் போனது. டின்கள் அசையவில்லை.

என் நாத்தனார் அப்போது தாவரவியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பில் சுமார். வாலுத்தனத்தில் முதல் ராங்க். ஒரு நாள் மத்தியானம் அவள்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணி, உள்ள இருக்கறது நிஜமாவே பீன்ஸ்தானான்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"உங்க அண்ணா கொன்னுடுவார்."

"அடியில திறக்கலாம். மேல மூடி அப்படியே இருக்கும்."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மறுத்திருக்க வேண்டிய வயசுதான். ஆனால் நான் போய்ப் பால் டின் வெட்டுகிற கட்டரைத் தேடி எடுத்துவந்தேன்.

டின்னைத் தலைகீழாக வைத்து அடித்தட்டை வெட்டினோம். கறுகறுவென்று, கொழகொழப்பான தண்ணீரில் குட்டிக் குட்டியாகப் பயறு மிதந்தது. கழுவி ஒன்றை வாயில் போட்டேன். மெத்தென்று மாவாகக் கரைந்தது. லேசாக உப்பு. அவ்வளவுதான். இதற்கா இத்தனை பேச்சு என்று இருந்தது. கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, தேங்காய் துருவிப் போட்டதும் சங்கதியே வேறாகிவிட்டது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வாணலியோடு தீர்த்தோம். காலி டின்னைக் கழுவித் துடைத்து, வெட்டிய பக்கம் கீழே வரும்படி பழைய இடத்தில் நிறுத்தினோம். பார்த்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது டின் மழை பெய்த ஒரு சாயங்காலம் போனது. மூன்றாவது எதற்காகப் போனது என்று இப்போது ஞாபகமில்லை. காரணம் ஏதாவது இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஷோகேஸைத் துடைக்கும் வேலையை நாத்தனார் தானாகவே எடுத்துக்கொண்டாள். "பாத்தியா, இப்பல்லாம் பொறுப்பு வந்திருக்கு" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ஒரு புதன்கிழமை ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே அவர் முகம் பிரகாசமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை மேனேஜரும் அவர் வைஃபும் டின்னருக்கு வராங்க. மெக்சிகன் டின்னர்னு சொல்லிட்டேன். ரெண்டு டின் எடுத்துக்கோங்க. ஒண்ணு இருக்கட்டும்."

நாத்தனார் கையிலிருந்த புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. நான் அடுப்படிக்குள் போய்ச் சும்மா ஒரு பாத்திரத்தைக் கழுவினேன்.

மறுநாள் காலை அவர் கிளம்பியதும் எங்கள் ஓட்டம் ஆரம்பமானது. டின்னைச் சுற்றியிருந்த லேபிளில் சமையல் குறிப்பு இருந்தது. கோழி, வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகாய்த்தூள், எலுமிச்சை, கொத்தமல்லி. எல்லாம் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியும் காய்கறிக் கூடையும்தான். ஆரிகானோ என்று ஒன்று மட்டும் புரியவில்லை. நாத்தனார் கல்லூரியில் தாவரவியல் மேடத்தைக் கேட்டுவந்தாள். "நம்ம ஓமவல்லிக்குத் தூரத்து சொந்தமாம் அண்ணி. வாசனை கிட்டத்தட்ட அதேதானாம்." ஓமவல்லி எங்கள் வீட்டுக் குழாயடியிலேயே புதராக வளர்ந்துகிடந்தது. இருமலுக்கு மட்டும் பறிப்போம்.

பீன்ஸுக்குத்தான் வழியில்லை. கறுப்பு உளுந்தை வேகவைத்துப் பார்த்தோம். கஞ்சிபோல வழவழத்தது. கறுப்புக் கொண்டைக்கடலை பார்த்தவுடனே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளிக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு பயறு கடைக்காரர், மூட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கோணிப்பையை இழுத்தார்.

"கறுப்பு காராமணி கீதுக்கா. யாரும் கேக்க மாட்டாங்க. மாட்டுக்கு வேணா வாங்கினு போவாங்க. உனுக்கு இன்னாத்துக்கு?"

"விருந்துக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நிறுத்துப் போட்டார்.

காராமணியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, குழையாமல் வேகவைத்தோம். அச்சு அசல் இல்லை. ஆனால் கறுப்பாக இருந்தது, மெத்தென்று இருந்தது. ஞாயிறு காலை அவர் டின் திறக்கத் தானே கட்டரோடு வந்தார். நாங்கள் முந்திக்கொண்டிருந்தோம். இரண்டு காலி டின்களும் மேடை மேல் இருந்தன. அவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் அடியில திறந்திருக்கீங்க?"

நாத்தனார் கண்ணை இமைக்காமல், "லேபிள்ல அப்படித்தான் போட்டிருக்கு அண்ணா. அங்கெல்லாம் அடியிலதான் திறப்பாங்களாமே?" என்றாள்.

"ஆமா ஆமா" என்றார் அவர். "அங்க அப்படித்தான்."

அந்த இடத்தில்தான் எனக்கு லேசாக ஒரு சந்தேகம் தட்டியது.

ஏழு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். மேனேஜர் கொஞ்சமாகப் பேசும் மனுஷர். அவர் மனைவிக்கு ஐம்பது வயதிருக்கும். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் ஒரு முறை பார்த்தால் போதும் என்கிற கண்கள். உதவி செய்கிறேன் என்று நேராக அடுப்படிக்குள் வந்தார். மூலையில் மூடிவைத்திருந்த கிண்ணத்தைத் திறந்தார். அதில் ஊறி மிஞ்சிய காராமணி. இரண்டு விரலால் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். கிண்ணத்தை மூடினார். "தட்டெல்லாம் எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சாப்பாடு நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கோழி சீரகத்திலும் பூண்டிலும் ஊறி, காராமணியோடு வெந்து, ஓமவல்லி வாசனையோடு, மேலே எலுமிச்சை பிழிந்து வந்தது. கூடவே பச்சை வெங்காயமும் தக்காளியும் பொடியாக நறுக்கியது. மெல்லிசாகச் சப்பாத்தி. "சப்பாத்தி இல்ல சார், டார்டில்லா" என்று என் கணவர் திருத்தினார். மேனேஜர் நாலு டார்டில்லா சாப்பிட்டார்.

"இந்த பீன்ஸ் இருக்கு பாருங்க சார், நம்ம மண்ணுல இது வராது" என்றார் என் கணவர். மேனேஜரின் மனைவி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் புரையேறி இருமினார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சுவிட்ட நேரத்தில் என் கணவர் எழுந்தார்.

"மேடம், இன்னொரு டின் இருக்கு. அதை நீங்க எடுத்துட்டுப் போகணும். என் சின்ன கிஃப்ட்."

ஷோகேஸை நோக்கி இரண்டு அடி வைத்துவிட்டார். நாத்தனார் பாய்ந்து முந்திக்கொண்டாள். "அப்படியே குடுத்தா நல்லா இருக்காதுண்ணா. நான் பேப்பர்ல சுத்தித் தரேன்" என்று டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். ஒரு நிமிஷத்தில் செய்தித்தாள் சுற்றி, நூல் கட்டி வந்துவிட்டாள். மேனேஜரின் மனைவி வாங்கினார். உள்ளே எதுவோ கடகடவென்று உருண்டது. அவர் டின்னைக் காதருகே வைத்து இன்னொரு தடவை ஆட்டினார்.

"உருளுதே?"

"பீன்ஸ் அப்படித்தான் மேடம், உருளும்" என்றார் என் கணவர்.

"ஓ. நல்ல பெரிய பீன்ஸ் போல" என்று சொல்லி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டின்னைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர்கள் கேட்டைத் தாண்டியதும் நாத்தனாரை இழுத்துக் கேட்டேன். "உள்ள என்னடி போட்ட?"

"கைக்குக் கிடைச்சது ரெண்டு உருளைக்கிழங்குதான் அண்ணி."

இதற்குள் என் கணவர் அடுப்படிக்கு வந்து, மிச்சமிருந்ததை நின்றபடியே சட்டியிலிருந்து வழித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். இவள் சும்மா இருக்காமல், "அங்க சாப்பிட்ட அதே ருசிதானா அண்ணா?" என்று கேட்டாள்.

அவர் மென்றுகொண்டே இருந்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

"அங்க யாரு சாப்பிட்டா?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

முதல் நாள் கேன்டீனில் இரண்டு சட்டியில் ஒன்றில் மாட்டுக்கறி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எதில் என்று இவருக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்க வெட்கம். அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் பாதி பிடிபடவில்லை. ஆறு வாரமும் பிரெட், முட்டை, வாழைப்பழம். நான் கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலைப் பிரெட்டில் தடவிச் சாப்பிட்டிருக்கிறார். கேன்டீனில் பரிமாறுகிற ஒரு அம்மா தினமும் இவரைக் கவனித்திருக்கிறாள். கிளம்புகிற அன்று மூன்று டின்களைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய் உன் மனைவியைச் சமைக்கச் சொல், அப்போதாவது சாப்பிடு என்றாளாம்.

"ஊருக்கு வந்து பிரெட் தின்னேன்னா சொல்ல முடியும்?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. மனசு இளகிய வேகத்தில் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுண்டல், மழை, காராமணி, மாட்டுத் தீவனம் உட்பட. அவர் கோபப்படவில்லை. பெரிய நிம்மதியோடு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நின்றார்.

"அப்போ அந்த மூணாவது டின்?"

நாத்தனார் மாடிப்படிக்கு ஓடிவிட்டாள்.

திங்கட்கிழமை அவர் தூக்குக்குப் போகிறவர்போல ஆபீஸ் கிளம்பினார். சாயங்காலம் திரும்பியபோது முகத்தில் குழப்பம். மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டாராம். "உங்க டின்னை இன்னைக்கே திறந்துட்டாங்கய்யா என் வைஃப். லஞ்சுக்குக் குடுத்தனுப்பியிருந்தாங்க. பிரமாதம். அதுல உருளைக்கிழங்குகூட இருந்தது" என்றாராம்.

அடுத்த வாரம் மேனேஜரின் மனைவியை மார்க்கெட்டில் அதே பயறு கடையில் பார்த்தேன். கையில் காராமணிப் பொட்டலம். என்னைக் கண்டதும் புன்னகைகூடச் செய்யாமல், "அன்னைக்கு வீட்டுல இருந்த காராமணியைத்தான் ராத்திரியே ஊறப்போட்டேன். எங்க வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷத்துல என் சமையலைப் பாராட்டினது இதுதான் முதல் தடவை. நீ வாயைத் திறந்த, தொலைஞ்ச" என்றார்.

நான் திறக்கவில்லை. அந்தக் கோழி எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. மாதத்தில் இரண்டு ஞாயிறு ராத்திரியாவது செய்வேன். என் கணவர்தான் ஓமவல்லி பறித்துவருவார். ரசத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூன்று வருஷம் கழித்து நாத்தனாரைக் கேளம்பாக்கத்தில் கொடுத்தோம். நிலபுலன் உள்ள பெரிய குடும்பம். மாமியார் கண்டிப்பானவர் என்று கேள்வி. வளைகாப்புக்குப் போயிருந்தபோது அந்த மாமியார் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"உங்க வூட்டுப் பொண்ணு கோழியில கறுப்பு காராமணி போட்டு ஒண்ணு செய்யுதே, உங்க பரம்பரையில நாலு தலைமுறையா செய்யறதுன்னு சொல்லுச்சு. எங்களுக்கு எம்மாந்தரம் செஞ்சாலும் அந்தப் பக்குவம் வரல. எப்படிம்மா?"

தூரத்தில் வளையல் அடுக்கிய கைகளோடு உட்கார்ந்திருந்த நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓமவல்லியைக் கடைசியில போடணும்ங்க" என்றேன் நான். "எங்க மாமியாரோட மாமியார் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களாம்."