தட்டு மாத்த வந்த அய்யா

அய்யா, ஆத்தா, தாய்மாமா, நான். பொன்னமராவதிப் பக்கமிருந்து பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை, அவர் அப்பா, அவர் அம்மா. அன்றைக்கு இருந்தது இவ்வளவு பேர்தான். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் இருக்கும். அய்யா மட்டும் கூடத்தில் இல்லை. மாட்டுத்தொழுவில் உட்கார வைத்திருந்தோம்.

அய்யாவுக்கு மூக்கு, கன்னமெல்லாம் கடுகு கடுகாகக் கட்டி. அவர் அப்பாவுக்கும் அப்படித்தானாம். எனக்கு வயசுக்கு வந்த பிறகு மூக்கோரத்தில் கிளம்பியது. மரு என்று நினைத்து வருசாவருசம் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டினோம். போகவில்லை. புதுக்கோட்டைக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "இது வம்சத்துல வர்றது. ஒட்டாது. மருந்தும் இல்லை" என்றார். ஊரில் அதைச் சொன்னால் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு, நாங்கள் குடித்த செம்பைத் தள்ளி வைப்பார்கள்.

அன்றைக்கு ஆத்தா என் முகத்தில் மஞ்சளை அப்பி விட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கிட்டத்தில் வந்து, "மூக்குல என்னம்மா, வேர்க்குருவா?" என்றது.

மாமா முந்திக்கொண்டு, "வெயிலுங்க" என்றார்.

பிடித்துப்போனது. இப்பவே தட்டு மாத்திடலாம் என்றார்கள். வெற்றிலைத் தட்டை மாமா தூக்கினார்.

"நீங்க எதுக்கு? பொண்ணுக்கு அப்பா இல்லையா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இருக்காருங்க. வேலையா அங்கிட்டு..."

"உசுரோட இருக்கையில அவரு கையாலதான மாத்தணும்? எம்புட்டு நேரமானாலும் இருக்கோம்."

தொழுவில் அது கேட்டிருக்கிறது. அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து தட்டை வாங்கினார். மாப்பிள்ளையின் அம்மா அய்யா முகத்தைப் பார்த்தது. பிறகு என் மூக்கைப் பார்த்தது.

"எந்திரிங்க" என்றது புருசனிடம்.

காப்பி தம்ளரோடு ஆறிக் கிடந்தது.

மாமா கத்தினார். "அடுத்த தடவை மச்சான் செத்துட்டார்னு சொல்லிருவோம்."

"அப்ப எந் தாலியை எங்கடா வைக்க? ஒம் பொண்டாட்டி அடுக்குப் பானையிலயா?" என்றது ஆத்தா.

அய்யா துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்தால் போகிற மாதிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இனிமே யாரு வந்தாலும் அய்யா வாசல்ல உக்காரட்டும். பார்த்துட்டு உள்ள வர்றவுக வரட்டும்" என்றேன்.

அப்படியே உட்கார்ந்தார்.

வாசலோடு திரும்பியது ஒன்பது வீடு.