மேட்டில் வரைந்த குட்டை

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்துகொண்டே, வரைபடத்தில் அதை மாற்றிக் காட்டியவன் நான்.

குமரி மாவட்டத்தில், கருங்கல் ஊருக்கு அருகே ஒரு தென்னந்தோப்பை வீட்டு மனைகளாகப் பிரித்தபோது செய்தது. இத்தனை ஆண்டுகளில் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என்னை அறியாதவர் என்பதால் இருக்கலாம்.

புதிதாக மனை பிரிக்கிறவர்கள் மழைநீர் தேங்கவும் வடியவும் இடம் விட்டால்தான் அனுமதி கிடைக்கும். தோப்பை நான்தான் அளந்தேன். தென்மேற்கு மூலை பள்ளம். குட்டைக்கு உரிய இடம் அதுதான். ஆனால் அது சாலையைப் பார்த்த, நல்ல விலை போகும் மூலை.

"ரோட்டோரத்துல கெடக்க எடத்துல குழி தோண்டவா? மேல எங்கயாவது காட்டுங்க சாரே" என்றார் தோப்புக்காரர்.

எனக்கு அது சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை. மட்டக் கணக்கில் நான்கு எண்களை மாற்றினேன். மேடு பள்ளமானது, பள்ளம் மேடானது. தாளில் எவ்வளவு எளிது! வடகிழக்கு மேட்டில் அழகான நீலக் குட்டை ஒன்றை வரைந்தேன். அனுமதி வந்தது.

அந்தத் தென்மேற்கு மூலையை வாங்கியவர் செலின் அக்கா. கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவந்து கருங்கல் சந்தையில் விற்பவர். அலை முற்றம்வரை வருகிற வீட்டில் பாதி வாழ்நாளைக் கழித்தவர்.

"கடலப் பாத்தது மதி, போதும் சாரே. இனி வெள்ளம் வராத எடத்துல கெடக்கணும்" என்றார், அளவுக்கல் நடும் நாளில். நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்...

வைகாசிக் கடைசியில் தொடங்கும் இடவப்பாதி மழையின் முதல் வாரத்திலேயே அவர் போட்ட அஸ்திவாரம் மூழ்கியது. கூப்பிட்டு அனுப்பினார். போனேன். முழங்கால் தண்ணீரில் நின்றபடி கேட்டார்: "சாரே, இது எப்பிடி இங்கோட்டு வந்துது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? "பூமியோட அமைப்பு அப்பிடி அக்கா" என்றேன். எண்களை மாற்றியதைவிட இந்தப் பொய்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பயத்தில் ஒரு வழியும் சொன்னேன். அவர் மனைக்குப் பின்னால், மதிலுக்கு அப்பால் ஊர்க்குளம். மனையின் ஓரத்தில் மூன்றடி விட்டுக் கால்வாய் வெட்டினால் தண்ணீர் குளத்துக்குப் போய்விடும். தன் மண்ணில் மூன்றடியை அவர் எதற்காகக் கொடுக்க வேண்டும்? அதையும் நானே கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "மூணு அடிதானே. கடலு கேக்காமலே எனக்க முற்றத்த முழுசும் எடுத்துட்டு. நீங்க கேட்டாவது எடுக்கிய."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லா மனைக்காரர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். மேல்மனைத் தங்கலிங்கம், ரப்பர் பால் வெட்டுகிறவர், தலைப்பாகையை இறுக்கிக் கட்டி முதல் வெட்டு வெட்டினார். நானும் வெட்டினேன். உள்ளங்கை கொப்பளித்தது. மதியம் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும். சேறு பூசிய முகங்களோடு சுற்றி உட்கார்ந்து தின்றோம். அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதே இல்லை!

ஐப்பசி மழை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கால்வாயில் சுழித்துக்கொண்டு குளத்தில் விழுந்தது. ஒரு வாசலிலும் சொட்டு நிற்கவில்லை. செலின் அக்கா குடையை மடக்கிப் போட்டுவிட்டு நனைந்தபடி நின்றார். தங்கலிங்கம் குளத்திலிருந்து எதிரேறி வந்த மீனைத் துண்டில் பிடித்துக்காட்டினார். நான் சத்தமாகச் சிரித்தேன். உண்மையான மகிழ்ச்சி அது. நம்புங்கள்.

குடிபுகும் முன் வீடு மந்திரித்த அன்று, பங்குச் சாமியார் தண்ணீர் தெளித்து முடித்ததும், அக்கா என் கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"இந்த சாருக்க புத்திதான் எனக்க வீட்டக் காப்பாத்திச்சு."

கை தட்டினார்கள். வாயைத் திறந்தேன்... அதற்குள் பந்திக்கு அழைத்துவிட்டார்கள். இலையில் பெரிய நெய்மீன் துண்டு வைத்தார். தின்றேன்.

குற்ற உணர்ச்சியில் உருகினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒவ்வொரு மழைக்கும் அங்கே போகிறேன். கரையில் அக்கா நட்ட வாழைகள் குலை தள்ளியிருக்கின்றன. கால்வாயில் வாத்துகள். பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறது. அந்த நிறைவுதான் என்னை உறுத்துகிறது. அவருடைய மூன்றடியில் ஓடும் மகிழ்ச்சியை எனதென்று எப்படி அனுபவிக்கிறேன்?

போன வாரமும் போயிருந்தேன். சுக்குக்காப்பி தந்து, பக்கத்தில் உட்கார்ந்தார் அக்கா.

"எனக்க தங்கச்சிக்கும் ஒரு மனை பாத்துத் தாங்க சாரே. நீங்க அளந்த எடம்னா அவ கண்ண மூடிட்டு வாங்குவா."

"பாக்கலாம் அக்கா" என்றேன்.